ஒரு வீட்டுக்கு அறுபத்தொரு மீட்டர்

இல. 27, வெள்ளமலை புதிய கிராமம்
16 ஜனவரி 2024

அன்புத் தம்பி ஜீவனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மச்சானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அவருக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. போர்டிங் சாப்பாடு உன் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா என்று எழுது.

நேற்றுப் புது வீட்டில் பொங்கல் வைத்தோம். பானை பொங்கும்போது சத்தம் போட வெளியே வந்தேன். லயத்தில் இருந்தபோது பன்னிரண்டு வீட்டுப் பானையும் ஒரே வரிசையில் பொங்கும், எது யார் சத்தம் என்றே தெரியாது. இங்கே எந்தப் பக்கம் திரும்பிச் சத்தம் போடுவது என்று விளங்காமல் நின்றேன். பக்கத்து வீடு லெட்சுமியுடையது. அது ஒரு பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து வராத மண்ணைத்தான் வீட்டுக்கு ஒதுக்கினார்கள். அதிலும் மண் சரியும் என்று சிவப்புக் கொடி நட்ட இடங்களை விட்டுவிட்டார்கள். மிச்சம் இருந்த இடத்தில் முப்பத்திரண்டு வீடுகளும் யாரோ அள்ளி எறிந்த மாதிரிக் கிடக்கின்றன.

குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. லயத்தை விட்டு வாங்க என்று பத்து வருடம் சொன்னவன் நீ. சொந்த வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இருமுவதில்லை. ஆனால் குழாயில் எட்டு நாள்தான் தண்ணீர் வந்தது. தோட்ட ஆபீசில் கேட்டதற்கு, "அது இப்ப எங்க பொறுப்பு இல்ல, பிரதேச சபையில கேளுங்க" என்றார்கள். நீ சபையில்தானே வேலை செய்கிறாய். யாரிடம் போக வேண்டும் என்று எழுது.

போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் "சரிக்கா, பாக்குறேன்" என்று வைத்துவிடுகிறாய். காகிதம் வந்தால் பதில் எழுதித்தான் ஆகவேண்டும். வீட்டு இலக்கம் போட்டு எனக்கு ஒரு கடிதம் வரவேண்டும் என்றும் ஆசை. தபால்காரர் மேலே ஏறுவதில்லை, சந்தியில் றஹீம் நானா கடையில் கொடுத்துவிடுவார்.

உன் அக்கா
ராசம்மா


4 பெப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். என் வயிற்றுக்கு ஒன்றுமில்லை. மச்சானை ஈரத்தில் நிற்க விடாதீர்கள்.

தோட்டத்துக்குள் பணம் செலவழிக்கச் சபைக்கு முன்பு சட்டம் இடம் கொடுக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் அதை மாற்றிவிட்டார்கள். ஆகவே கேட்கலாம். ஆனால் ரோட்டையும் குழாயையும் சபை முறைப்படி கையேற்க வேண்டும். உங்கள் கிராமத்தை வீடு கட்டியவர்கள் இன்னும் கையளிக்கவில்லை என்கிறார்கள். கையளித்தாயிற்று என்றும் ஒரு கடிதம் கோப்பில் இருக்கிறது. இரண்டிலும் முத்திரை இருக்கிறது. எது சரி என்று எனக்கும் தெரியவில்லை.

தேர்தல் நடக்காததால் போன வருடத்திலிருந்து சபையில் உறுப்பினர்கள் கிடையாது. செயலாளர் லீலாதேவி மேடம்தான் எல்லாவற்றையும் பார்க்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்பு என்றாலும் வாசிக்காமல் எதையும் ஒதுக்க மாட்டார். முப்பத்திரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு அனுப்புங்கள். நான் இங்கே இருக்கிறேன்தானே, பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி
ஜீவன்


இல. 27, வெள்ளமலை புதிய கிராமம்
3 மார்ச் 2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். மச்சானுக்குத் தைலம் பூசிவிடுகிறேன். நீ இளைத்துவிட்டதாக பஸ்ஸில் உன்னைக் கண்டவர்கள் சொன்னார்கள். நேரத்துக்குச் சாப்பிடு.

மனு இத்துடன் தபாலில் வருகிறது. கையெழுத்து வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. லயத்தில் என்றால் முன்வாசல் இஸ்தோப்பில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும், எல்லோரும் வந்துவிடுவார்கள். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறி இறங்கி, கடைசி வீட்டுக்கு வரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. அந்த வீட்டில் ஆள் இல்லை. மறுநாளும் போனேன்.

மூன்று ஆபீசுக்கும் போய்க் கேட்டேன். தோட்டத்தில், நீங்கள் இப்போது கிராமம் என்றார்கள். சபையின் கிளை ஆபீசில், நீங்கள் இன்னும் தோட்டம் என்றார்கள். பிரதேச செயலகத்தில் ஒரு அம்மா நல்லபடியாகப் பேசினார். பேசிவிட்டு, இரண்டிலும் இல்லாத மாதிரி இருக்கிறதே என்று அவரே என்னிடம் கேட்டார்.

ஓடைக்குப் போய்வர முக்கால் மணித்தியாலம் பிடிக்கிறது. லெட்சுமி ஆறு மாதம், அவளுக்கும் சேர்த்து நான்தான் எடுக்கிறேன். மனு உன் கைக்கு வந்ததும் ஒரு வரி போடு.

அக்கா


24 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

நான் சுகம். மழைக்கு முன் மச்சானின் காலைக் கிளினிக்கில் ஒருமுறை காட்டுங்கள்.

மனு என் மேசைக்கே வந்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு இலக்கம் போட்டுப் பதிந்தேன். மேடம் முழுவதையும் வாசித்தார். இந்த வருடம் குடிநீருக்கு இருக்கிற பணம் ஒரு இடத்துக்கோ இரண்டு இடத்துக்கோதான் போதும். ஏழு இடத்தார் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு வீட்டுக்கு எத்தனை மீட்டர் குழாய் வேண்டும் என்று பார்த்து வரிசைப்படுத்தச் சொல்லியிருக்கிறார். அளப்பதற்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் வருவார். கணக்கை இங்கே ஆபீசில் போடுவார்கள்.

வேலை அதிகம். புதுவருடத்துக்கு வர முடியுமா தெரியவில்லை.

ஜீவன்


இல. 27, வெள்ளமலை புதிய கிராமம்
21 ஏப்ரல் 2024

அன்புத் தம்பிக்கு,

புதுவருடத்துக்கு நீ வராததில் மச்சானுக்குக் கொஞ்சம் வருத்தம். உனக்கென்று எடுத்து வைத்த பலகாரத்தை லெட்சுமியின் புருஷன் ரஜீவுக்குக் கொடுத்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அளக்க ஆள் வந்தார். நாடாவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக நடந்தார். பத்தாவது வீட்டில் சப்பாத்தைக் கழற்றிவிட்டார். எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் கொடுத்தேன். எப்படி வந்திருக்கிறது என்று கேட்டதற்கு, "ஒரு வீட்டுக்கு அறுபத்தொண்ணு வருதும்மா" என்றார். அறுபத்தொன்று நல்லதா கெட்டதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பாஸ் மார்க்குக்கு மேலேதானே என்கிறார் மச்சான். அந்த மனிதர் சிரிக்காமல் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பினார். அதனால் கேட்கிறேன், உடனே எழுது.

அக்கா


இல. 27, வெள்ளமலை புதிய கிராமம்
9 ஜூன் 2024

அன்புத் தம்பிக்கு,

நான் எழுதி ஏழு வாரம், உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. போன் எடுத்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய். சுகமில்லையென்றால் மறைக்காதே.

லெட்சுமிக்குப் பெண் குழந்தை. போன செவ்வாய்க்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் வலி எடுத்தது. மழை. எங்கள் பாதையில் ஆட்டோ ஏறாது. ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தோம், சந்திக்குக் கொண்டு வாருங்கள், வந்துவிடுகிறோம் என்றார்கள். ரஜீவும் இன்னும் மூன்று பேரும் அவளைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். நான் குடை பிடித்தேன். பதினான்காம் வீட்டு வளைவில் ஒருவன் சறுக்கினான். கதிரை சாய்ந்தது, அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் இன்னும் கன்றிப்போயிருக்கிறது.

சந்திக்கு வந்ததும் இனித் தாங்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. றஹீம் நானாவின் தாய் ரஹ்மத்தும்மா கடைக்குள்ளிருந்து பார்த்துவிட்டு, "உள்ளுக்குக் கொண்டு வாங்க புள்ள, அரிசி மூட்டையெல்லாம் அங்கால தள்ளுங்க" என்றார். கடைக் கதவைச் சாத்திவிட்டு அங்கேதான் பிள்ளை பிறந்தது. ஆம்புலன்ஸ் அதற்குப் பிறகு வந்து, தாயையும் பிள்ளையையும் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. இரண்டு பேரும் நலம்.

றஹீம் நானா பிள்ளைக்கு ஒரு துவாயும் சவுக்காரமும் கொடுத்துவிட்டு, இது யாருடைய ரோடு என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியாது நானா என்றேன்.

நீ எழுது தம்பி. இல்லை என்றாலும் பரவாயில்லை, இல்லை என்றே எழுது.

அக்கா


14 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

எழுதாமல் இருந்தது என் பிழை. எனக்கு நோய் ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தார்கள்?

பட்டியல் வெளியாகிவிட்டது. இந்த வருடம் உங்கள் கிராமம் இல்லை. அறுபத்தொன்று மார்க் இல்லை அக்கா. அது ஒரு வீட்டுக்குத் தேவையான குழாயின் நீளம். கூடக் கூடப் பட்டியலில் கீழே போகும். பெரிய ரோட்டோரத்தில் இருக்கிற நான்கு லயங்களுக்கு ஒரு வீட்டுக்கு ஐந்து மீட்டர்தான். அவர்களுக்குத்தான் கிடைத்தது. உங்களுக்குப் போடுகிற பணத்தில் அப்படி முந்நூற்றுத் தொண்ணூறு வீட்டுக்குப் போடலாம்.

லயத்தை விட்டு வந்தவர்களுக்கு இல்லை, விடாதவர்களுக்கு உண்டு. நான்தான் உங்களை வெளியே வரச் சொன்னேன். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குப் பிடிபடவில்லை.

டவுனுக்கு வெளியே வயலை நிரப்பித் தூரத்தூரமாக வீடு கட்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெருவிளக்கும் குப்பை எடுக்கிற ட்ரக்டரும் போகிறது. ஏனென்றால் அவர்கள் வீட்டுக்குச் சோலைவரி கட்டுகிறார்கள். உங்கள் மலை வரி எல்லைக்குள் இல்லை.

மச்சானுக்கு என் அன்பு.

ஜீவன்


இல. 27, வெள்ளமலை புதிய கிராமம்
4 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

பிள்ளைக்கு நிரோஷினி என்று பெயர். ரஹ்மத்தும்மா வந்து பார்த்துவிட்டுப் போனார். மச்சான் பொல்லு பிடித்து நடக்கிறார்.

உன் கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். வரி கட்டினால் கேட்கலாம் என்றால் நாங்களும் கட்டுகிறோம் என்றார்கள். வெள்ளிக்கிழமை நானும் ரஜீவும் றஹீம் நானாவுமாகப் பெரிய ஆபீசுக்கே வந்தோம். லீலாதேவி மேடம் உட்காரச் சொன்னார். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஆறு வருசமா இந்தக் கதிரையில இருக்கிறன். எங்களுக்கு வரி போடுங்கோ எண்டு கேட்டு வந்த ஆக்களை இண்டைக்குத்தான் காணுறன்."

வரி எல்லையை மாற்ற அரசாங்க வர்த்தமானியில் போட வேண்டுமாம், ஒரு வருடம் ஆகலாமாம். அப்படி வரி எடுத்தாலும் அது உங்கள் தெருவிளக்குக்கே காணாது என்றார். ஆனாலும் எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னார். குழாய்க் கணக்கையும் காட்டினார். இதைப் போட்ட பொடியன் கெட்டிக்காரன், ஒரு மீட்டர்கூடப் பிழைக்காது என்று புகழ்ந்தார். பெயரும் சொன்னார்.

நான் அவனுடைய அக்கா என்று சொல்லவில்லை. உன்னைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வாசலில் கேட்டேன், வெளியே போயிருக்கிறாய் என்றார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அக்கா


20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

நான் வெளியே போகவில்லை. நீங்கள் படியேறி வருவதை ஜன்னல் வழியாகக் கண்டேன். பின்பக்கம் கோப்பறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

கணக்குப் போட்டது நான்தான். மார்ச்சில் மேடம் கொடுத்தபோதே அது எங்கள் அக்கா இருக்கிற இடம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எடுத்துவிடுவார், என் கையில் இருந்தால் ஏதாவது செய்யலாம் என்று நினைத்தேன். முதல் தடவை வளைவுகளைக் கழித்து, நேர்கோடாக வைத்து நாற்பது என்று போட்டேன். அப்படிப் போட்டாலும் நீங்கள் கடைசிதான். உங்களுக்கு மேலே இருந்த கிராமத்தையும் அப்படியே போட்டுப் பார்த்தேன். அவர்கள் இன்னும் மேலே போனார்கள். பிறகு கிழித்துவிட்டு அறுபத்தொன்று என்று எழுதினேன்.

நீங்கள் வந்துபோன அடுத்த திங்கட்கிழமை மேடத்திடம் போனேன். "மேடம், அதுல இருபத்தேழாம் நம்பர் எங்க அக்கா வீடு" என்றேன்.

"மார்ச்சிலேயே சொல்லியிருக்கோணும். சொல்லியிருந்தா நான் வேறை ஆளிட்டைக் குடுத்திருப்பன்" என்றார். பிறகு, "அவரும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார்" என்றார்.

கோப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். கணக்குச் சரி அக்கா. ஆனால் கதிரையில் ஒரு பெண்ணைத் தூக்கி வந்தது எந்த மீட்டருக்குள் வரும் என்று எனக்குத் தெரியவில்லை. என் மேல் கோபமா என்று மட்டும் எழுதுங்கள்.

ஜீவன்


8ஆம் லயம், வெள்ளமலைத் தோட்டம்
11 செப்டெம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

மேலே விலாசத்தைப் பார்த்தாய்தானே. நீயும் மறைத்தாய், நானும் மறைத்தேன். ஜூன் நடுவிலிருந்து நாங்கள் பழைய லயத்தில்தான் இருக்கிறோம். லெட்சுமி பச்சைப் பிள்ளையோடு வந்தபோது அங்கே ஒரு வாளி தண்ணீர் இல்லை. லயத்தைத் தோட்டம் இன்னும் உடைக்கவில்லை, பைப்பில் தண்ணீரும் வருகிறது. முதலில் அவர்கள் இறங்கினார்கள். அடுத்த கிழமை மச்சானால் முடியவில்லை, நாங்களும் இறங்கினோம். இப்போது பதினொரு குடும்பம் கீழே இருக்கிறோம். ஆகஸ்ட் கடிதத்தை இங்கிருந்துதான் எழுதினேன். விலாசத்தை மட்டும் அந்த வீட்டுடையதாகப் போட்டேன். பத்து வருடம் சொல்லி வெளியே கொண்டுவந்த உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

கோபமா என்று கேட்டாய். கோப்பறையில் ஒளிந்ததற்குக் கோபம். கணக்குக்கு இல்லை. நாற்பது என்று எழுதி எங்களுக்குத் தண்ணீர் வந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேனா என்றும் யோசித்துப் பார்த்தேன். பட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது ஒன்று கேட்கிறேன். திரும்ப அளக்க ஆள் வந்தால் முப்பத்திரண்டு வீடு என்று சொல்லவா, இருபத்தொன்று என்று சொல்லவா? உண்மையைச் சொன்னால் அறுபத்தொன்று இன்னும் கூடிவிடாதா?

மச்சானுக்குக் கால் கொஞ்சம் தேவலை. இங்கே படி குறைவு.

அக்கா


22 ஒக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமை உங்களோடு மேலே ஏறி வந்ததிலிருந்து கெண்டைக்கால் இன்னும் பிடித்திருக்கிறது. பூட்டிய வீட்டைத் திறந்ததும் நீங்கள் முதலில் கூட்டுமாறைத் தேடியது கண்ணிலேயே நிற்கிறது. மச்சான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தாரா?

உங்கள் கேள்விக்கு அன்று பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். திங்கட்கிழமை மேடத்திடம் நானே சொன்னேன், பதினொரு வீடு பூட்டிக் கிடக்கிறது என்று. மறைக்க எனக்கு இனித் தெம்பில்லை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"வெறும் வீட்டுக்குக் குழாய் போட்டா கணக்காய்வில என்னைத்தான் கேப்பினம். போடாட்டி வீடு வெறுமையாத்தான் கிடக்கும். எனக்கே விளங்கேல்லை ஜீவன்."

வேறு ஒரு இடத்தில் ஒரு கட்டட வேலை நின்றுபோனதால் கொஞ்சப் பணம் மிஞ்சியிருக்கிறது. டிசம்பருக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிவிடும். அதில் உங்கள் கிராமத்துக்குப் பதினான்காம் வீட்டு வளைவு வரைக்கும் குழாய் போட முடிவெடுத்திருக்கிறார். கீழ்ப்பகுதி வீடுகள் கொஞ்சம் கிட்டக் கிட்ட இருப்பதால் கணக்கு ஒத்துவருகிறது. வளைவில் ஒரு பொதுக் குழாயும் வைப்பார்கள். அதற்கு மேல் இல்லை. ரோட்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

இருபத்தேழு மேலேதான் இருக்கிறது அக்கா. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது சரியா என்று தெரியாமலே இதை எழுதுகிறேன்.

தீபாவளிக்கு வருகிறேன்.

ஜீவன்


இல. 27, வெள்ளமலை புதிய கிராமம்
15 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

ஆபரேஷனுக்கு மார்ச் மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள். அவர் பயப்படுகிறார், வெளியில் காட்டுவதில்லை. நீ தீபாவளிக்கு எடுத்து வந்த சேர்ட்டைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்.

போன திங்கட்கிழமை வளைவில் தண்ணீர் திறந்தார்கள். மேடமே வந்திருந்தார், செருப்பெல்லாம் சேறு. கீழ் வீட்டுக்காரர்கள் தேங்காய் உடைத்தார்கள். மேல் வீட்டுக்காரர்கள் நாங்கள் ஒரு ஓரமாக நின்றோம். கை தட்டுவதா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மேடம் என்னை அடையாளம் கண்டு கிட்ட வந்தார். "உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லை எண்டு நினைக்கிறியளோ?" என்று கேட்டார். "தெரியலீங்க. முன்ன முக்கா மணிநேரம், இனி பத்து நிமிஷம். அத என்னன்னு சொல்றதுன்னு தெரியல" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு போய்விட்டார்.

லயத்துக்குத் திரும்பியபோது மச்சான் சாமான்களைக் கட்டி வைத்திருந்தார். நான் கேட்கவே இல்லை. தோட்டத்திலும் தை மாதத்தோடு லயத்தை உடைக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பதினொரு குடும்பத்தில் ஏழு குடும்பம் மேலே வந்துவிட்டோம். லெட்சுமி வரவில்லை. பிள்ளை நடக்கட்டும் அக்கா, பிறகு பார்ப்போம் என்கிறாள். அவள் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது.

மச்சானை ரஜீவும் மற்றவர்களுமாகக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார்கள். மழைக்காலத்தில் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் தோட்டமா கிராமமா என்றும் இன்றுவரை யாரும் சொல்லவில்லை. நேற்றுக் காலையில் இரண்டு வாளி தூக்கிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினேன். மச்சான் ஒரு வாளியில் முகம் கழுவினார், மற்றதில் நான் சோறு வைத்தேன். மத்தியானத்துக்குத் தண்ணீர் போதவில்லை. திரும்ப இறங்கினேன்.

அக்கா
ராசம்மா